பிள்ளை ஆட, பெற்றோர் பார்க்க

விளையாட்டின் வழியாகப் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே வளரும் நெருக்கத்துக்கு மூன்று முனைகள் உண்டு: பெற்றவர், பிள்ளை, இருவருக்கும் பொதுவான ஆட்டம். குடும்பத்தின் மற்ற உறவாடல்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்த மூன்றாவது முனைதான். படிப்பு, பணம், ஒழுக்கம் என்று பேச்சு வரும்போது ஒருவர் கேட்கிறார், மற்றவர் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார். ஆட்டத்தின் முன்னால் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்பது இருவருக்குமே தெரியாது. வயதும் அதிகாரமும் தரும் உயரம் அந்த நேரத்துக்குச் சற்றே இறங்கிவிடுகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரை இதைப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் கரையில் கடந்த இருபது ஆண்டுகளில் அலைச்சறுக்கும் ஸ்கேட்போர்டும் வேர்விட்டிருக்கின்றன. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இந்த மூன்று விளையாட்டுகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இவற்றுக்குள் பிள்ளைகள்தான் பெரும்பாலும் முதலில் நுழைந்தார்கள். பெற்றோர் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அப்பா ஆடிய ஆட்டத்தை மகன் தொடர்வது என்ற வழக்கமான கதை இங்கே பாதிக்கும் குறைவாகவே பொருந்தும். நெருக்கம் உண்டாகப் பெற்றவருக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி அதனால்தான் இந்தக் கரையில் கூர்மையாக எழுகிறது.

விளையாட்டு என்ற பெயர் ஒட்டுவதற்கு வெகு முன்பே இந்த உறவு தொடங்கிவிடுகிறது. குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது, முதுகில் ஏற்றி யானைச் சவாரி போவது, கடலோரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலை வரும்போது தூக்குவது எல்லாம் இதன் முதல் வடிவங்கள். கனடா உளவியலாளர் டேனியல் பக்கெட் 2004இல் எழுதிய ஆய்வுரையில், பெற்றோர் பிணைப்புக்கு அரவணைப்பு ஒரு முகம் என்றால் துணிவூட்டல் இன்னொரு முகம் என்று வாதிட்டார். அரவணைப்பு பயந்த குழந்தைக்கு ஆறுதல் தருகிறது. துணிவூட்டல் குழந்தையைப் பழகாத இடத்துக்குத் தள்ளி, அதே சமயம் எல்லையும் போடுகிறது. பல சமூகங்களில் இந்த இரண்டாவது வேலை தந்தையின் பங்காக அமைந்திருப்பதை அவர் சுட்டினார். அது பழக்கத்தால் வந்த பிரிவினை. தாய் செய்தாலும் பலன் மாறுவதாகச் சொல்லக் காரணம் இல்லை.

இதன் நீண்டகால விளைவை ஜெர்மனியில் கிளவுஸ் கிராஸ்மனும் காரின் கிராஸ்மனும் தங்கள் குழுவோடு பின்தொடர்ந்தார்கள். இரண்டு வயதுக் குழந்தையோடு தந்தை விளையாடும் முறையைப் பதிவு செய்து, அந்தக் குழந்தைகள் பதினாறு வயதாகும்வரை ஆராய்ந்த முடிவுகள் 2002இல் வெளியாயின. குழந்தையின் திறனுக்குச் சற்று மேலான சவாலைக் கொடுத்து, அது திணறும்போது பறித்துக்கொண்டு தானே செய்துவிடாமல் பொறுமையாக உடனிருந்த தந்தையரின் பிள்ளைகள், பின்னாளில் நெருங்கிய உறவுகளைக் குறித்து அதிகப் பாதுகாப்புணர்வோடு பேசினார்கள். விளையாடிய நேரத்தின் அளவைவிட விளையாடிய விதம் முக்கியமாக இருந்தது.

ஒரே பக்கம் பார்ப்பது ஏன் இவ்வளவு வலுவானது? ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் குழந்தை, பெரியவரின் கண் போகும் திசையைத் தொடரவும் தான் பார்த்ததை விரலால் சுட்டிக் காட்டவும் தொடங்குகிறது. காக்கையைக் காட்டிவிட்டு அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் குழந்தை, காக்கையைக் கேட்கவில்லை. நீயும் பார்த்தாயா என்று சரிபார்க்கிறது. இந்தக் கூட்டுக் கவனம் மனித மொழிக்கும் பண்பாட்டுக்கும் அடித்தளம் என்பது மைக்கேல் தோமசெல்லோவின் நெடுநாள் வாதம். அவரும் வௌட்டர் வுல்ஃபும் 2020இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. இரண்டரை வயதுக் குழந்தைகளில் சிலர் ஒரு பெரியவரோடு சேர்ந்து சிறு காணொளி ஒன்றைப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு அருகில் அதே பெரியவர் இருந்தும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். சேர்ந்து பார்த்த குழந்தைகள் பிறகு அந்தப் பெரியவரை விரைவாக நெருங்கினார்கள். இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2016இல், வுல்ஃபும் ராபின் டன்பாரின் ஆக்ஸ்ஃபோர்டு குழுவும் வளர்ந்தவர்களிடம் செய்த சோதனைகளிலும் ஒரே இடத்தில் கவனம் வைத்த அந்நியர்கள் ஒருவரையொருவர் நெருக்கமாக உணர்ந்தார்கள்.

இதில் ஒரு நடைமுறைச் செய்தி ஒளிந்திருக்கிறது. மகன் ஐபிஎல் பார்க்கும்போது அதே சோபாவில் உட்கார்ந்து கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருக்கும் அப்பா, இந்தச் சோதனையின் கணக்கில் அங்கே இல்லாதவர்.

கவனத்துக்கு அடுத்தபடி உடல். கோவளம், மாமல்லபுரம் போன்ற மீனவக் குப்பங்களில் கடலுக்குப் படகு தள்ளும் காட்சியிலிருந்து இதைப் புரிந்துகொள்ளலாம். அலைகள் ஒரே சீராக வருவதில்லை. தொலைவில் பிறந்த, சற்றே வேறுபட்ட அலைநீளம் கொண்ட அலைத்தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது சில நேரம் கூடிப் பெருக்கின்றன, சில நேரம் ஒன்றையொன்று தணிக்கின்றன. அதனால் பெரிய அலைகள் கூட்டமாக வந்து, பிறகு சிறிது நேரம் கடல் அடங்கும். அந்த இடைவெளிக்காகக் காத்திருந்து, எல்லோரும் ஒரே மூச்சில் தள்ள வேண்டும். அப்பாவின் பக்கத்தில் நின்று இந்தக் கணக்கைப் பழகிய பிள்ளைக்கு அலைச்சறுக்கின் முதல் பாடம் பாதி முடிந்துவிடுகிறது. சறுக்குபவரும் இதே இடைவெளியில்தான் உள்ளே போகிறார், இதே கூட்டத்திலிருந்துதான் தனக்கான அலையைத் தேர்ந்தெடுக்கிறார். கட்டுமரத்தில் அலையேறிக் கரைசேர்ந்த தலைமுறைக்கும் பலகையில் அலையேறும் தலைமுறைக்கும் இடையே அறிவின் இழை அறுபடவில்லை.

ஒரே தாளத்தில் உடலை இயக்கும்போது உள்ளே நடப்பதை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் துடுப்புப் படகு வீரர்களைக் கொண்டு எம்மா கோஹனும் சக ஆய்வாளர்களும் 2010இல் அளந்தார்கள். ஒரே அளவு உழைப்பை வீரர்கள் ஒருமுறை தனியாகவும் ஒருமுறை குழுவாகத் தாளம் சேர்த்தும் செய்தார்கள். சேர்ந்து செய்த பிறகு அவர்களின் வலி தாங்கும் அளவு தெளிவாக உயர்ந்திருந்தது. வலி தாங்குவதை ஏன் அளக்க வேண்டும் என்றால், மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின்களை நேரடியாக அளப்பது கடினம். அவை உடலின் சொந்த வலிநிவாரணிகள். கூடவே இதமும் இணக்கமும் தருபவை. எனவே வலி தாங்கும் அளவு அவற்றின் மறைமுக அடையாளமாகப் பயன்படுகிறது. தாயும் மகளும் சேர்ந்து ஓடினாலும், அப்பாவும் மகனும் ஒரே வலையின் இருபுறம் நின்று கைப்பந்து ஆடினாலும் இந்த வேதியியல் வேலை செய்ய வாய்ப்புண்டு.

ஆக்ஸிடோசினைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழு 2010இல் செய்த ஆய்வில், குழந்தையைக் கொஞ்சி வருடிய தாய்மாருக்கும் குழந்தையின் கைகால்களை ஆட்டித் துள்ளவைத்து விளையாடிய தந்தையருக்கும் அந்தத் தொடர்புக்குப் பின் ஆக்ஸிடோசின் உயர்ந்தது. விளையாட்டு பெற்றவரின் உடலையும் மாற்றுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் பத்திரிகைகள் இதற்குச் சூட்டிய ‘அன்பு ஹார்மோன்’ என்ற பட்டம் கொஞ்சம் அவசரப்பட்டது. அதே பொருள் தன் குழுவைக் காக்கும் ஆவேசத்திலும் பங்கேற்கிறது. கபடிப் போட்டியில் எதிரணிக்காரரின் அப்பாவோடு சண்டைக்கு நிற்பவரின் உடலிலும் அது இருக்கும்.

பெரும்பாலான பெற்றோர் ஆடுவதில்லை, பார்க்கிறார்கள். பார்ப்பதால் மட்டும் உடல் இணையுமா? ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பூக்குழி இறங்குவதைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. இவானா கொன்வாலிங்காவும் சக ஆய்வாளர்களும் அங்கே தீ மிதிப்பவர்களுக்கும் கூட்டத்தில் நிற்பவர்களுக்கும் இதயத்துடிப்புக் கருவிகளைக் கட்டினார்கள். முடிவுகள் 2011இல் வெளியாயின. மிதிப்பவரின் உறவினரும் நண்பரும் அசையாமல் நின்றபோதும் அவர்களின் இதயத்துடிப்பு மிதிப்பவருடையதைப் போலவே ஏறி இறங்கியது. தொடர்பில்லாத பார்வையாளர்களிடம் அந்த ஒத்திசைவு இல்லை. எல்லோர் கண்ணும் கண்டது ஒரே தீயைத்தான். இதயங்களைப் பிரித்தது உறவு.

ஹார்மோன்களும் இப்படித் தொற்றும். 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியில் பிரேசில் பெனால்டி உதைகளில் இத்தாலியை வென்றபோது, அமெரிக்காவில் ஆட்டம் பார்த்த இரு நாட்டு ரசிகர்களின் உமிழ்நீரைப் பால் பெர்ன்ஹார்ட் குழு சோதித்தது. பிரேசில் ரசிகர்களின் டெஸ்டோஸ்டெரோன் உயர்ந்தது, இத்தாலி ரசிகர்களுடையது சரிந்தது. பந்தைத் தொடாதவர்களுக்கே இப்படி. இதில் ஆபத்தும் உண்டு. 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது, மியூனிக் வட்டாரத்தில் ஜெர்மனி ஆடிய நாட்களில் இதய அவசரநிலைகள் வழக்கத்தைப் போல 2.66 மடங்காக இருந்ததாக ஒரு மருத்துவ ஆய்வு பதிவு செய்தது. ஏற்கெனவே இதய நோயுள்ளவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். இறுதிப் போட்டியைத் தாத்தாவோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் அவர் மாத்திரை போட்டுக்கொண்டாரா என்று கேட்டுவைப்பது நல்லது.

இனி பூஞ்சேரிக்கு வரலாம். ரஷ்யாவில் நடக்கவிருந்த ஒலிம்பியாட், உக்ரைன் போரால் இடம்மாறி நான்கே மாத ஏற்பாட்டில் இங்கே வந்தது. 186 நாடுகளின் ஆட்டக்காரர்கள் கூடினார்கள். பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் பெண்கள் பிரிவில் உக்ரைனும் தங்கம் வென்றன. இந்தியா இரு பிரிவிலும் வெண்கலம் பெற்றது. பெற்றோரும் பிள்ளையும் என்ற கண்ணால் பார்த்தால் அந்த அரங்கம் ஓர் ஆய்வுக்கூடம் போல இருந்தது. மிக இளையவராகக் கவனம் ஈர்த்த பாலஸ்தீனச் சிறுமி ராண்டா சேடர் எட்டு வயதுக்காரர். ஆட்டத்தைத் தந்தையிடம் கற்றவர். இந்தியப் பெண்கள் அணியில் ஹரிகா துரோணவல்லி நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடினார். அதே அணியின் கோனேரு ஹம்பிக்குப் பயிற்சி கொடுத்து வளர்த்தவர் அவருடைய தந்தை அசோக். ஆர். வைஷாலி பெண்கள் அணியிலும் அவர் தம்பி பிரக்ஞானந்தா பொதுப் பிரிவு இந்திய ‘பி’ அணியிலும் இருந்தார்கள். அந்த ‘பி’ அணியின் முதல் பலகையில் பதினாறு வயது டி. குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்று, தனிநபர் தங்கமும் பெற்றார்.

செஸ் பெற்றோரை இரு வகையாகப் பார்க்கலாம். ஆட்டம் தெரிந்தவர்கள் ஒரு வகை. விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்தவர் அவர் தாயார் சுசீலா. தந்தையின் ரயில்வே பணி காரணமாகக் குடும்பம் மணிலாவில் இருந்தபோது, அங்கே பகலில் ஒளிபரப்பான செஸ் நிகழ்ச்சியை, மகன் பள்ளியில் இருக்கும் நேரத்தில், தாயார் பார்த்துப் புதிர்களைக் குறித்துவைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசுப் புத்தகங்களை ஆனந்த் வாரிக் குவித்ததில், வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு இனிமேல் விடை அனுப்பாதே என்று நிகழ்ச்சிக்காரர்களே கேட்டுக்கொண்டதாக ஆனந்த் நினைவுகூர்ந்திருக்கிறார். தாயார் இங்கே செய்ததில் பயிற்சி கொஞ்சம்தான். மகன் தவறவிடக்கூடிய ஒன்றை அவனுக்காகக் காத்துவைத்தார், மாலையில் அதன் முன்னால் அவனோடு உட்கார்ந்தார். கூட்டுக் கவனத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆட்டம் தெரியாதவர்கள் இன்னொரு வகை. வைஷாலி அதிக நேரம் தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கவே செஸ் வகுப்பில் சேர்க்கப்பட்டார். அக்காவைப் பார்த்துத் தம்பியும் வந்தார். தாயார் நாகலட்சுமி செஸ் ஆடுபவர் அல்ல. ஆனாலும் பல நாடுகளில் நடந்த போட்டிகளுக்குப் பிள்ளைகளோடு போனவர் அவர்தான். வெளிநாட்டு விடுதி அறையிலும் சாதமும் ரசமும் கிடைக்கச் சமையல் பாத்திரத்தோடு பயணம் செய்பவர். 2023இல் பாகு நகரில் நடந்த உலகக் கோப்பையில் மகன் பேட்டி கொடுப்பதைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் அவருடைய படம் உலகெங்கும் பரவியது. குகேஷின் தந்தை ரஜினிகாந்த் காது மூக்குத் தொண்டை அறுவை மருத்துவர். மகனோடு பயணம் செய்வதற்காகத் தொழிலை நிறுத்திக்கொண்டார். நுண்ணுயிரியலாளரான தாயார் பத்மாவின் வருமானம் வீட்டைத் தாங்கியது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் உலகச் சாம்பியனானபோது, அரங்குக்கு வெளியே தவிப்போடு நடந்துகொண்டிருந்த அந்தத் தந்தையைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின.

இந்த இரு வகைப் பெற்றோரின் மூளை ஒரே காட்சியை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. பியாட்ரிஸ் கால்வோ மெரினோ லண்டனில் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், பாலே நடனக்காரர்களும் பிரேசிலின் கப்போயிரா கலைஞர்களும் இரு வகை அசைவுகளின் படங்களையும் பார்த்தார்கள். தனக்குப் பழகிய அசைவைக் காணும்போது மட்டும் அவரவர் மூளையின் இயக்கப் பகுதிகள் கூடுதலாகத் துலங்கின. தானும் ஆடியவர் ஆட்டத்தைத் தன் உடலாலேயே பார்க்கிறார். மகன் மட்டையைச் சுழற்றும்போது அவர் தோளும் இறுகுகிறது. ஆடாதவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் பார்ப்பது பிள்ளையை: உட்காரும் விதம், மூச்சு, காதுமடல் சிவப்பது, காயை வைத்த பிறகு கை திரும்பும் வேகம். பலகையில் யார் முன்னிலை என்று தெரியாமலேயே பிள்ளை கலங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடும் தாய்மார் செஸ் அரங்குகளில் அரிதல்ல. ஆட்டம் தெரியாதது இந்த உறவில் குறையாகவே இருக்க வேண்டியதில்லை. அது சில சமயம் பாதுகாப்பும்கூட, ஏனென்றால் தெரியாதவரால் திருத்த முடியாது.

செஸ் விதியும் இதற்குத் துணை நிற்கிறது. ஆட்டம் நடக்கும்போது ஆட்டக்காரருக்கு யாரும் எந்த ஆலோசனையும் சொல்லக் கூடாது. சிறுவர் போட்டிகளில் பெற்றோரைப் பெரும்பாலும் அரங்குக்குள்ளேயே விடுவதில்லை. மற்ற விளையாட்டுகளில் உளவியலாளர்கள் கெஞ்சிக் கேட்டும் நடக்காத ஒன்றை இங்கே விதிப்புத்தகம் சாதித்துவிடுகிறது.

பிள்ளை பெற்றவரை விளையாட்டுக்குள் இழுத்துவரும் போக்குக்குத் தனி ஆராய்ச்சி உண்டு. டிராவிஸ் டோர்ஷ், ஆலன் ஸ்மித், மெக்டொனோ ஆகியோர் 2009இல் அமெரிக்கப் பெற்றோரிடம் பேசி எழுதிய ஆய்வுரை, பிள்ளையின் விளையாட்டு பெற்றோரின் பழக்கம், உணர்ச்சி, நட்புவட்டம், பிள்ளையோடு பேசும் முறை அனைத்தையும் மாற்றுவதைக் காட்டியது. மாமல்லபுரத்தில் இதற்குப் படமாகவே பதிவான சான்று இருக்கிறது. மீனவக் குடியிருப்பில் வளர்ந்த கமலி, சிறு வயதில் வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் சரிவில் இறங்கும் படம் இணையத்தில் பரவி, பின்னர் அவரையும் அவர் தாயாரையும் குறித்து சாஷா ரெயின்போ ‘கமலி’ என்ற ஆவணக் குறும்படத்தை எடுத்தார். பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கு 2020இல் அது பரிந்துரைக்கப்பட்டது. கமலி பிறகு அலைச்சறுக்கிலும் தேசிய அளவில் பெயர் பெற்றார். பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்ற பேச்சுக்கு நடுவே தாய் மகளின் பக்கம் நின்றதைப் படம் சொல்கிறது. அதைவிட அழுத்தமாக, மகளின் துணிவைப் பார்த்துத் தாய் தன் வாழ்வில் தனக்கு மறுக்கப்பட்டவற்றைத் திரும்பிப் பார்ப்பதையும் சொல்கிறது. பலகையில் ஏறியது மகள், மாறியது இருவரும்.

கோவளத்தில் பாதை வேறு. மீனவரான மூர்த்தி மேகவன் தானே அலைச்சறுக்குப் பழகி, 2012இல் அருண் வாசுவின் துணையோடு குப்பத்துப் பிள்ளைகளுக்காகச் சமூக அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். புகையும் மதுவும் கூடாது என்பது பள்ளியின் கண்டிப்பான நிபந்தனை. கடலைத் தொழிலாக மட்டும் அறிந்த வீடுகளில் கடல் விளையாட்டாகவும் பிறகு வருமானமாகவும் மாறியது. அலை எங்கே உடையும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், காற்று எப்போது திரும்பும் என்பதில் அப்பா சொல்வதற்கு நிறைய இருக்கிறது. பலகையில் எப்படி நிற்பது என்பதில் பிள்ளை சொல்வதற்கு நிறைய இருக்கிறது. இருவருக்கும் கொடுக்க ஏதோ ஒன்று இருக்கும் இப்படிப்பட்ட அமைப்பு, ஒருவர் மட்டுமே ஆசானாக இருக்கும் அமைப்பைவிட உறவுக்கு ஆரோக்கியமானது என்றே தோன்றுகிறது.

நெருக்கம் வளர்க்கும் அதே விளையாட்டு உறவைக் கசக்கவும் செய்யும். கனடாவின் ழான் கோத்தே 1999இல் விளையாட்டு வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்து மூன்று கட்டங்களை வகுத்தார். ஏறத்தாழ ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை பலவற்றையும் ஆடிப்பார்க்கும் பருவம். பதின்மூன்று முதல் பதினைந்துவரை ஒன்றிரண்டில் ஊன்றும் பருவம். அதன் பின் முழு முதலீட்டுப் பருவம். பெற்றோரின் இடமும் இதற்கேற்ப நகர வேண்டும்: முதலில் முன்னால் நடப்பவர், பிறகு பக்கத்தில் வருபவர், கடைசியில் பின்னால் நிற்பவர். பெஞ்சமின் புளூம் 1985இல் வெளியிட்ட, 120 உயர்திறனாளர்களைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்விலும் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான பெற்றோர் சாம்பியனை உருவாக்கும் திட்டத்தோடு தொடங்கவில்லை என்று தெரியவந்தது. வீட்டில் அந்தத் துறையின் மேல் விருப்பமும் உழைப்புக்கு மதிப்பும் இருந்தன. திட்டத்தோடே தொடங்கி வென்றவர்களும் உண்டு. ஹங்கேரியின் லாஸ்லோ போல்கார் தன் மூன்று மகள்களையும் செஸ்ஸுக்கென்றே வளர்த்தார். இளையவரான ஜூடித் 1991இல் பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆனால் அந்த வழியில் போய்த் தோற்ற குடும்பங்களின் கதையை யாரும் புத்தகமாக எழுதுவதில்லை. இந்தப் பக்கச்சார்பை மறந்துவிட்டு ஒரு போல்காரைப் பார்த்து வீட்டில் அட்டவணை போடுவது அபாயம்.

கசப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்குப் பிள்ளைகளே பதில் சொல்லியிருக்கிறார்கள். கமிலா நைட்டும் சகாக்களும் 2010இல் கனடாவின் இளம் டென்னிஸ் ஆட்டக்காரர்களிடம், போட்டியின்போது பெற்றோர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஆட்ட நுணுக்கத்தில் ஆலோசனை வேண்டாம். முடிவைவிட முயற்சியையும் நடத்தையையும் பற்றிப் பேசுங்கள். தண்ணீர், சாப்பாடு போன்றவற்றை நினைவூட்டுங்கள். வாயால் பரவாயில்லை என்று சொல்லும்போது முகமும் அதையே சொல்லட்டும். கடைசி வேண்டுகோள் மிக நுட்பமானது. குழந்தைப் பருவத்தில் பெற்றவரின் முகத்தைத் திரும்பிப் பார்த்துப் பழகிய கண்கள், பதினான்கு வயதிலும் தவறு செய்தவுடன் முதலில் அங்கேதான் திரும்புகின்றன.

பணம் இன்னொரு காரணம். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோர்ஷும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், குடும்ப வருமானத்தில் பிள்ளையின் விளையாட்டுக்குச் செலவாகும் பங்கு கூடக்கூட, பிள்ளை அதிக அழுத்தத்தை உணர்ந்தது, ஆட்டத்தில் அதன் இன்பம் குறைந்தது. பெற்றோர் வாய்விட்டு எதுவும் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. அகாடமிக் கட்டணம், பலகை, போட்டிப் பயணம் என்று செலவு ஏறும் இக்காலத் தமிழகக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த தன்னாட்சிக் கோட்பாடு இதை விளக்குகிறது. ஒரு செயலில் மனம் நீடித்து ஈடுபட மூன்று தேவை: இது என் விருப்பம் என்ற உணர்வு, என்னால் முடியும் என்ற உணர்வு, என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. செலவின் கனம் முதல் உணர்வை அரித்துவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு அன்போடு உடனிருந்தாலும், உடனிருப்பது கண்காணிப்பாகவே தெரியும்.

ஆட்டம் முடிந்த பிறகும் பிணைப்பின் ஒரு பகுதி மிச்சமிருக்கிறது: அதைப் பற்றிப் பேசுவது. அட்லான்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ராபின் ஃபிவுஷ் பல்லாண்டுகள் செய்த ஆராய்ச்சி, நடந்ததைக் குடும்பமாக விரிவாகத் திரும்பச் சொல்லும் வீடுகளில் பிள்ளைகளின் நினைவாற்றலும் தன்னைப் பற்றிய தெளிவும் நன்கு வளர்வதைக் காட்டியது. விளையாட்டு இதற்கு வசதியான பொருள். தொடக்கம், திருப்பம், முடிவு மூன்றும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. தோல்வியைப் பேசுவதில்தான் குடும்பங்கள் வேறுபடுகின்றன. போட்டி முடிந்த உடனே, திரும்பும் வழியிலேயே, எங்கே தப்பு செய்தாய் என்று தொடங்கும் பேச்சு விசாரணை ஆகிவிடும். உடலில் கார்டிசோல் இன்னும் தணியாத நேரம் அது. சில நாள் கழித்து, பிள்ளையே எடுக்கும்போது வரும் பேச்சு கதையாகிறது. அதில் சிரிப்புக்கும் இடம் கிடைக்கிறது.

இந்தக் கதைகளின் ஆயுள் நீளமானது. ஒருவர் தன் வாழ்வைத் திரும்பிப் பார்க்கும்போது பத்து வயது முதல் முப்பது வயதுவரையான நினைவுகள் மற்றக் காலத்தைவிட அடர்த்தியாக வருவதை உளவியலாளர்கள் நெடுநாளாக அறிவார்கள். 1983 கிரிக்கெட் உலகக் கோப்பையை வானொலியில் கேட்ட சிறுவர்களில் பலர் இன்று தாத்தாக்கள். அந்த வர்ணனையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அப்பாவும் அவர்கள் நினைவில் பிரிக்க முடியாமல் சேர்ந்தே இருப்பார்கள். மறதிநோயிலும் அண்மை நிகழ்வுகள் முதலில் மங்குகின்றன, இளமைக்கால நினைவுகள் ஒப்பீட்டளவில் தாமதமாகவே மங்குகின்றன. இதைப் பயன்படுத்தி ஸ்காட்லாந்தில் ‘ஃபுட்பால் மெமரீஸ்’ என்ற திட்டம் மறதிநோயாளிகளைப் பழைய கால்பந்துப் படங்களோடு உட்காரவைத்துப் பேசவைக்கிறது. வீட்டில் இதற்குத் திட்டம் எதுவும் தேவைப்படாது. பழைய ஸ்கோர், பழைய ஆட்டக்காரர் பெயர், அன்று நடுவர் கொடுத்த தப்பான தீர்ப்பு, இவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொடுத்தால் போதும். கேள்விக்குப் பதில் தேடித் திணறும் முதியவர்கூட, தானே பேச்சைத் தொடங்கியவர்போல அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார். இப்போது எடுத்துக்கொடுக்கும் வேலை பிள்ளையுடையது.